பழைய தெய்வங்களின் கடைசிப் பேரரசன்

வரலாறு வென்றவர்களைப் பற்றியே விரிவாகப் பேசும். தோற்றவர்களை ஒன்றிரண்டு வரிகளில் முடித்துவிடும். ரோமப் பேரரசின் வரலாற்றைப் படிக்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஜூலியன் என்ற பெயர் அப்படித்தான் வந்து மறைகிறது. கான்ஸ்டன்டைனுக்குப் பக்கங்கள் பல. தியோடோசியஸுக்குப் பக்கங்கள் சில. இருவருக்கும் இடையில் வந்த ஜூலியனுக்கோ ஒரு பத்தி. சமயம் துறந்தவன் என்ற அடைமொழியும் அந்தப் பத்திக்குள்ளேயே அவன்மேல் ஒட்டப்பட்டுவிடுகிறது.

நானும் அந்தப் பத்தியைக் கடந்து போயிருப்பேன். எங்கள் வரலாற்று மன்றத்தில் பேசும் முறை எனக்கு வந்தது. பல தெய்வ வழிபாடு மறைந்து ஒரு கடவுட் கொள்கை மேலோங்கிய கதையைச் சொல்லும்படி பேராசிரியர் பணித்தார். அவ்வளவு பெரிய கதையை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்த எனக்குக் கைகொடுத்தவன் ஜூலியன். மாறிக்கொண்டிருந்த உலகின் நடுவே நின்று, அது மாறக்கூடாது என்று தடுத்துப் பார்த்தவன் அவன். ஆற்றின் வேகத்தை அறிய வேண்டுமானால் எதிர்நீச்சல் போடுபவனைப் பார்ப்பதுதானே நல்ல வழி!

குருதியில் தொடங்கிய இளமை

ஜூலியன் கி. பி. 331-ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பிறந்தான். அவன் தந்தை ஜூலியஸ் கான்ஸ்டான்டியஸ், பேரரசன் கான்ஸ்டன்டைனின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. தாய் பசிலினா, குழந்தையைப் பெற்ற சில திங்களிலேயே இறந்துவிட்டாள்.

அன்றைய நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கி. பி. 313-ல் மிலான் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கிறித்தவர்கள் அச்சமின்றி வழிபடும் உரிமை பெற்றனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை சிறையும் சாவும் அவர்களைத் துரத்தின. அதன்பின் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கான்ஸ்டன்டைன் திருச்சபைக்கு வாரி வழங்கினான், கி. பி. 325-ல் நைசியாவில் ஆயர்களின் பேரவையைக் கூட்டினான். பழைய கோயில்கள் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அரண்மனையின் அன்பு அவற்றைவிட்டு விலகிவிட்டது.

கி. பி. 337-ல் கான்ஸ்டன்டைன் இறந்தான். அவன் உடல் அடக்கமான சில திங்களுக்குள் படைவீரர்கள் அரச குடும்பத்தின்மேல் பாய்ந்தனர். ஜூலியனின் தந்தை, மூத்த அண்ணன், பெரிய தந்தை, அவர் மக்கள் என ஆண்மக்கள் பலரும் வெட்டி வீழ்த்தப்பட்டனர். ஜூலியன் சிறு பிள்ளை என்பதாலும், இன்னொரு அண்ணன் காலஸ் நோயுற்றிருந்ததாலும் உயிர் தப்பினர். இந்தப் படுகொலைக்குக் கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸே காரணம் என்று ஜூலியன் வாழ்நாள் முழுதும் நம்பினான். அந்தக் கான்ஸ்டான்டியஸோ பக்தி மிகுந்த கிறித்தவப் பேரரசன். தன் குடும்பத்தை அழித்தவன் வணங்கிய கடவுளை ஒரு சிறுவன் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பான்?

அனாதையான சிறுவனுக்கு மார்டோனியஸ் என்னும் முதிய அலி ஆசிரியராக வாய்த்தார். பசிலினாவுக்கும் எழுத்தறிவித்தவர் அவர்தாம். ஹோமரின் காவியங்களை அவர் சிறுவனின் நெஞ்சில் ஊட்டினார். பின்னர் காலஸும் ஜூலியனும் கப்பதோசியாவில் மசெல்லம் என்ற அரச மாளிகையில் ஆறு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தனர். நண்பர் இல்லை, உறவினர் இல்லை, அடிமைகளே துணை. அங்கே அவனுக்குத் திருமறை கற்பிக்கப்பட்டது. தேவாலயத்தில் மறைநூலை வாசிக்கும் பணியும் அவன் செய்தான். அதே காலத்தில் ஜார்ஜ் என்னும் குருவிடம் நூல்களை இரவல் வாங்கிக் கிரேக்கத் தத்துவத்தையும் படித்தான். வெளியுலகம் மூடிக்கிடந்த அந்த ஆண்டுகளில் அவனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு புத்தகம்.

மறைத்து வைத்த மனம்

விடுதலை கிடைத்ததும் கல்விக்காக ஊர் ஊராக அலைந்தான். நிக்கோமீடியாவில் லிபானியஸ் என்ற புகழ்பெற்ற சொற்கலை ஆசிரியர் இருந்தார். பழைய தெய்வங்களை வணங்குபவர் என்பதால் அவர் வகுப்புக்குப் போகக்கூடாதென்று ஜூலியனுக்குத் தடை. அவனோ அவருடைய பாடங்களை வேறொருவரைக் கொண்டு எழுதி வாங்கிப் படித்தான். தடுக்கப்பட்ட பாடம்தான் ஆழப் பதியும் போலும்!

பெர்கமத்திலும் எபேசஸிலும் பிளேட்டோவின் வழிவந்த தத்துவ அறிஞர்களை அடைந்தான். எபேசஸின் மாக்சிமஸ் அவனை ஆட்கொண்டார். அவனுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. கிறித்தவ நம்பிக்கையை உள்ளத்தளவில் கைவிட்டுப் பழைய தெய்வங்களின் அடியவனானான். ஆயினும் அடுத்த பத்து ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலை நிலைத்திருக்காது. கி. பி. 354-ல் அண்ணன் காலஸ், பேரரசனின் ஐயத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டான். எஞ்சியவன் ஜூலியன் ஒருவனே.

அரசி யூசேபியாவின் பரிந்துரையால் உயிர் பிழைத்த அவன், கி. பி. 355-ல் ஏதென்ஸில் மாணவனாகச் சில திங்கள் தங்கினான். அதே நகரில் அதே வேளையில் படித்துக்கொண்டிருந்த இரு இளைஞர்களின் பெயர்கள் பசில், கிரிகோரி. இருவரும் பின்னாளில் திருச்சபையின் பெரும் புனிதர்களாகப் போற்றப்பட்டவர்கள். மூவரும் படித்தது ஒரே ஹோமர், ஒரே பிளேட்டோ. ஒரே பாடத்தைப் படித்தவர்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

நூலகத்திலிருந்து போர்க்களத்துக்கு

அவ்வாண்டு நவம்பரில் கான்ஸ்டான்டியஸ் அவனைத் துணைப் பேரரசனாக்கிக் கால் நாட்டுக்கு அனுப்பினான். இன்றைய பிரான்ஸ்தான் அன்றைய கால். வாளேந்தி அறியாத புத்தகப் பூச்சி போரில் மடிவான் என்று அரண்மனையில் பலர் எண்ணியிருக்கக்கூடும். நடந்ததோ வேறு. கி. பி. 357-ல் ஸ்ட்ராஸ்பர்க் அருகே, பதின்மூவாயிரம் வீரர்களைக் கொண்டு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிதான அலமன்னியரின் படையை முறியடித்தான்; அவர்கள் மன்னன் குனோடமாரைச் சிறைப்பிடித்தான். அங்கு அவன் வந்தபோது தலைக்கு இருபத்தைந்து பொற்காசாக இருந்த வரி, அவன் புறப்பட்டபோது ஏழாகக் குறைந்திருந்தது என்று அவனுடைய படையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் குறித்துள்ளார். குளிர்காலங்களை லுட்டேஷியாவில் கழித்தான். இன்றைய பாரிஸ் மாநகரின் பழைய பெயர் அது. எளிய உணவு, குறைந்த உறக்கம், இரவெல்லாம் படிப்பு என்று வாழ்ந்தான்.

கி. பி. 360-ல் அந்த நகரில்தான் படைவீரர்கள் அவனைக் கேடயத்தின்மேல் தூக்கிப் பேரரசன் என்று முழங்கினர். உள்நாட்டுப் போர் மூளும் நிலை. ஆனால் கி. பி. 361 நவம்பரில் கான்ஸ்டான்டியஸ் நோயால் இறந்தான். டிசம்பர் 11-ஆம் நாள் ஜூலியன் போரின்றித் தலைநகருள் நுழைந்தான். முப்பது வயது இளைஞன் உலகின் பெரும்பகுதிக்கு அதிபதியானான். அவனுக்குப் பரிசில் அனுப்பிய தொலைதூர நாட்டவருள் இந்திய மக்களையும் செரந்திவியரையும் அம்மியானஸ் சேர்த்துச் சொல்கிறார். செரந்திவி என்பது இலங்கையைக் குறிக்கும் என்பது அறிஞர் கருத்து.

திறந்த கோயில்களும் திரும்பிய ஆயர்களும்

மறைத்து வைத்த மனத்தை ஜூலியன் இப்போது வெளியிட்டான். கோயில்கள் திறக்கப்பட்டன, பலிகள் மீண்டும் தொடங்கின. கிறித்தவர்களை அவன் வாளால் ஒடுக்கப் புறப்படவில்லை. முந்தைய அரசன் நாடு கடத்தியிருந்த பல பிரிவு ஆயர்களையும் ஊர் திரும்ப விட்டான். அவர்கள் திரும்பிவந்து தமக்குள் சச்சரவிடுவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்ததாக அம்மியானஸ் எழுதுகிறார். அரண்மனையில் கூட்டங்கூட்டமாக இருந்த முடிதிருத்துவோரையும் சமையற்காரரையும் வேலையிலிருந்து நீக்கினான்.

இந்த இடம்வரை படித்தபோது ஜூலியன் எனக்கு ஒரு காவிய நாயகனாகவே தோன்றினான். மன்றத்தில் அவனைப் புகழ்ந்து பேசுவதற்குக் குறிப்புகளும் எழுதிவிட்டேன். அதன்பின் கி. பி. 362-ஆம் ஆண்டுக்கு வந்தேன். என் பேனா நின்றது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் ஆசிரியர்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. ஆசிரியராக வருபவர் முதலில் ஒழுக்கத்தில் சிறந்திருக்க வேண்டும் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பொருளை விளக்கி ஜூலியன் எழுதிய மடல் வேறு கதை சொல்கிறது. ஹோமரும் ஹெசியடும் பாடிய தெய்வங்களை நம்பாதவர் அந்த நூல்களைக் கற்பிப்பது நேர்மையன்று. ஆகவே கிறித்தவ ஆசிரியர்கள் கிரேக்க இலக்கியத்தைக் கைவிட்டுத் தங்கள் தேவாலயங்களில் தங்கள் மறையை விளக்கிக்கொள்ளட்டும் என்பது அவன் வாதம். ஏதென்ஸில் புகழோடிருந்த புரோஹேரீசியஸ் என்ற கிறித்தவ ஆசிரியர் பணியைத் துறந்தார். ரோமில் மாரியஸ் விக்டோரினஸும் துறந்தார்.

நான் பள்ளியில் படித்தபோது பெரியபுராணம் நடத்திய தமிழாசிரியர் ஒரு கிறித்தவர். கண்ணப்பர் கதையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். வகுப்பே அசையாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம். அவர் நம்பாததைக் கற்பித்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஜூலியனின் சட்டம் எங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த வகுப்பு எங்களுக்குக் கிடைத்திராது. இந்த எண்ணம் வந்தபின் அவனைக் காவிய நாயகனாக வைத்திருக்க என்னால் இயலவில்லை.

என்னைப் போலவே அவனை நேசித்தவர்களும் இதைப் பொறுக்கவில்லை என்று அறிந்தபோது ஆறுதல் பிறந்தது. அம்மியானஸ் கிறித்தவர் அல்லர். ஜூலியனைப் பெரிதும் போற்றியவர். அவரே இச்சட்டத்தைக் கொடியது என்றும், என்றென்றும் மௌனத்தில் புதைக்கப்பட வேண்டியது என்றும் கண்டித்திருக்கிறார். ஏதென்ஸில் உடன் பயின்ற கிரிகோரியோ, கிரேக்க மொழியும் இலக்கியமும் ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தா என்று கொதித்தெழுந்தார். தடையை மீறித் தானே பாடம் எழுதி வாங்கிப் படித்த மாணவன், அரியணை ஏறியதும் பிறர்க்குத் தடைவிதித்தான்! மனிதனின் மறதியைத்தான் என்னென்பது!

கோதுமையும் ஒரு வாத்தும்

ஆயினும் ஜூலியன் அறிவிலி அல்லன். பழைய சமயம் ஏன் தேய்கிறது என்பதை அவன்போல் உணர்ந்தவர் அன்று குறைவு. கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரி அர்சாசியஸுக்கு எழுதியதாக நமக்குக் கிடைக்கும் மடல் அதைக் காட்டுகிறது. கிறித்தவர்கள் வழிப்போக்கரை ஆதரிக்கிறார்கள். இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். நாம் அதைச் செய்யாமலிருப்பது வெட்கம் என்பது அம்மடலின் சாரம். ஊர்தோறும் விடுதிகள் கட்டச் சொல்கிறான். கலாத்தியாவுக்கு ஆண்டுதோறும் 30,000 மோடியஸ் கோதுமையும் 60,000 அளவு திராட்சை மதுவும் ஒதுக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பூசாரிகளைச் சார்ந்த ஏழைகளுக்கும், மீதியை வழிப்போக்கர்க்கும் இரப்போர்க்கும் பகிரச் சொல்கிறான்.

எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் திருச்சபையில் அந்தச் சோறு அடியவர் கைகளிலிருந்து வந்தது. இங்கோ அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து வரவேண்டியிருந்தது. பழைய சமயத்தில் நகரந்தோறும் திருவிழாவும் பலியும் உண்டு; ஊரெல்லையைத் தாண்டி மக்களைச் சேர்த்துக்கட்டும் அமைப்பு இல்லை. திருவிழாவுக்குச் செலவிட்ட செல்வர்களின் மனம் மாறியதும் விழாவும் நின்றது.

கி. பி. 362 கோடையில் பாரசீகப் போருக்கு ஆயத்தம் செய்ய ஜூலியன் அந்தியோக்கியா சென்றான். அந்நகரின் புறத்தேயுள்ள தாப்னி என்னும் சோலையில் அப்பல்லோவின் பெரிய கோயில் இருந்தது. ஆண்டுத் திருவிழாவின் நாள். பலியெருதுகளும் நறும்புகையும் வெண்ணாடை இளைஞர்களும் திரண்டிருப்பார்கள் என்று கனவு கண்டுகொண்டே பேரரசன் விரைந்தான். கோயிலில் கூட்டம் இல்லை, புகை இல்லை, ஒரு பணியாரம்கூட இல்லை. நகரம் என்ன பலி கொடுக்கிறது என்று கேட்டான். முதிய பூசாரி, நகரம் ஒன்றும் தரவில்லை என்றும், தம் வீட்டிலிருந்து ஒரு வாத்தைத் தாமே கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். இதை எழுதி வைத்திருப்பவன் ஜூலியனே.

அக்டோபரில் அக்கோயில் தீப்பிடித்து எரிந்தது. கிறித்தவர்கள்மேல் ஐயங்கொண்டு நகரின் பெரிய தேவாலயத்தை மூடச் செய்தான். மக்கள் அவன் தாடியையும் ஓயாத பலிகளையும் கேலி செய்தனர். அவன் வெற்றியோடு திரும்பியிருந்தால் நாட்டில் மாட்டுக்குப் பஞ்சம் வந்திருக்கும் என்று அம்மியானஸே எழுதும் அளவுக்குப் பலிகள் பெருகின. கேலி செய்தவர்களைத் தண்டிக்காமல் தாடி வெறுப்போர் என்ற பெயரில் ஓர் அங்கத நூல் எழுதிப் பதிலளித்தான். எத்தனை பேரரசர்கள் கேலிக்குப் பேனாவால் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

முடிவு

கி. பி. 363 மார்ச்சில் பெரும்படையோடு கிழக்கே புறப்பட்டான். ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் யூப்ரடீஸ் ஆற்றில் தொடர்ந்தன. பாரசீகத் தலைநகர் டெசிபோனின் எதிரே வெற்றி பெற்றும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கப்பல்களை எதிரி கைப்பற்றாதபடி சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் எரித்துவிட்டு நிலவழியே திரும்பினான். பகைவர் பயிர்களைக் கொளுத்தினர், பசி வாட்டியது. ஜூன் 26-ஆம் நாள் திடீர்த் தாக்குதல் நடந்தபோது மார்புக் கவசம் அணியாமலே களத்தில் பாய்ந்தான். ஓர் ஈட்டி விலாவைத் துளைத்தது. அன்றிரவு கூடாரத்தில், மாக்சிமஸோடும் பிரிஸ்கஸோடும் ஆன்மாவின் மேன்மையைப் பற்றி உரையாடிக்கொண்டே உயிர் நீத்தான். தன் தோல்வியைக் கிறித்துவிடம் ஒப்புக்கொண்டு மடிந்தான் என்ற கதை பின்னாளில் பரவியது. படையோடு சென்ற அம்மியானஸின் நூலில் அது இல்லை. இருபது திங்களுக்கும் குறைந்த ஆட்சி. உடல் டார்சஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அவனுக்குப்பின் படையினர் தேர்ந்தெடுத்த ஜோவியன் கிறித்தவன். கி. பி. 380-ல் தியோடோசியஸ் நைசியாவின் கொள்கையையே குடிகள் அனைவரும் ஏற்க வேண்டுமென ஆணையிட்டான். கி. பி. 382-ல் ரோமப் பேரவையிலிருந்து வெற்றித் தெய்வத்தின் பலிபீடம் அகற்றப்பட்டது. கி. பி. 391-ல் பலிகள் தடைசெய்யப்பட்டன. அடுத்த ஆண்டு, வீட்டுக்குள் குலதெய்வத்துக்கு விளக்கேற்றி நறும்புகை காட்டுவதும் குற்றமாயிற்று. கி. பி. 529-ல் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பது ஜஸ்டினியனின் ஆணையால் நின்றது. வகுப்பறைக் கதவை மூடும் வழக்கம் ஒரு சமயத்தாரோடு நிற்கவில்லை.

பல தெய்வங்களின் உலகம் ஏன் சாய்ந்தது? ஏழைகளை அணைத்த அமைப்பு ஒரு காரணம். கான்ஸ்டன்டைன் முதல் தியோடோசியஸ் வரை நீண்ட அரச கை மற்றொரு காரணம். மூன்றாவது காரணத்தை ஜூலியனிடமே காண்கிறேன். கதிரவனைத் தெய்வங்களின் அரசனாகப் போற்றி அவன் ஒரு நூல் எழுதினான். அதில் எல்லாத் தெய்வங்களும் ஒரு மூலப்பொருளிலிருந்து தோன்றி அதையே சுற்றி நிற்கின்றன. பல தெய்வங்களைக் காக்க வந்தவனின் சிந்தையும் ஒன்றை நோக்கியே நடந்திருக்கிறது. எதிர்நீச்சல் போட்டவனையும் ஆறு தன் போக்கில் இழுத்தே சென்றிருக்கிறது.

மன்றத்தில் நான் பேசிய நாளில் ஜூலியனைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. வாத்தோடு நின்ற அந்த முதிய பூசாரியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். அவரைக் கோயிலுக்கு வரச்சொல்லிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை; வராவிட்டால் கேட்பாரும் இல்லை. அவர் தம் வீட்டிலிருந்து எடுத்துவந்ததைப் பேரரசனின் கருவூலத்தால் பெருக்க முடியவில்லை. அதேபோல், பின்வந்த பேரரசர்கள் விளக்கையும் புகையையும் தடுத்தார்களே, அப்படி ஒருவர் நெஞ்சுக்குள் இருப்பதை அவர்களாலும் ஆணையிட்டு அகற்றியிருக்க முடியுமா? நம்பிக்கை, வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகவேண்டிய பொருள். அரண்மனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பத்தக்க பொருள் அன்று. அந்தப் பாடத்தை ஜூலியனின் வாழ்விலிருந்து நான் கற்றேன். என் சக மாணவர்களோடும் அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.